தயிருக்குக் கட்சி உண்டா?

(கூடுவாஞ்சேரித் திங்கட் கூட்டத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூடுவாஞ்சேரி தமிழுணர்வுக்குப் பொருத்தமானதோர் இடத்தில் அமைந்த ஊர். வடக்கே பல்லாவரம், தெற்கே மறைமலைநகர். முன்னது, தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகள் வாழ்ந்து தமிழ்ப்பணி ஆற்றிய ஊர். பின்னது, அப்பெருமகனாரின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் நகர். 1916ஆம் ஆண்டில், வேதாசலம் என்னும் வடமொழிப் பெயரைக் களைந்து மறைமலை எனத் தம்மை அழைத்துக்கொண்டபோது, அடிகளார் எந்தக் கட்சியின் கட்டளைக்கும் காத்திருந்திலர். பின்னர் எத்தனையோ ஆட்சிகள் மாறின; மறைமலைநகர் என்னும் பெயர் மாறவில்லை. தமிழ் என்பது கட்சிகளுக்கு முன்னும் இருந்தது, கட்சிகளுக்குப் பின்னும் இருக்கும் என்பதற்கு இவ்விரண்டு ஊர்களுமே சான்று.

இவ்விரண்டு ஊர்களையும் இணைக்கும் தென்பெருஞ்சாலையின் இருமருங்கிலும் மளிகைக் கடைகள் நிறைந்துள்ளன. அவற்றுள் எதிலேனும் ஓர் உண்பொருட் பொதியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முகப்பில், பொருளின் பெயர் பெரிய எழுத்தில் தமிழிலும் இருக்கக்கூடும். தொலைக்காட்சியில் அதைப் புகழ்ந்து பேசும் விளம்பரம் முழுக்கத் தமிழிலேயே ஒலிக்கும். ஆயின், அதனுள் என்னென்ன கலந்துள்ளன, எத்துணை உப்பு, எத்துணைச் சருக்கரை, எவர்க்கு அது ஆகாது என்னும் செய்திகளெல்லாம் பொதியின் பின்புறத்தில் பொடியெழுத்தில் ஆங்கிலத்தில் கிடக்கும். ஆசை காட்டத் தமிழ். அறிவு காட்ட ஆங்கிலம்! விற்கும்போது தமிழரின் மொழி தெரிகிறது. விளக்கும்போது மட்டும் மறந்துபோகிறது.

இந்நிலை மாறவேண்டும், உண்பொருளின் உண்மை முழுவதும் உண்பவன் மொழியில் வெளிப்படவேண்டும் என ஒருவர் கேட்டால், உடனே எழும் எதிர்வினா யாது? "நீ எந்தக் கட்சி?" என்பதே. உணவில் என்ன இருக்கிறது என்று கேட்பது அரசியலா? தயிருக்குக் கட்சி உண்டா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், ஒட்டுச்சீட்டு என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். 'லேபிள்' எனப் பலரும் வழங்குவது அதனையே. முன்னாளில் தமிழன் பொருளைத் திறந்த நிலையில் வாங்கினான். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தான். எண்ணெயைச் செக்கடியில் நின்று வாங்கினான். மோரை முகர்ந்து பார்த்தான். பருப்பைப் பல்லிற் கடித்துப் பார்த்தான். கண்ணும் மூக்கும் நாவுமே அவனுடைய ஆய்வுக்கூடம். இன்றோ பொருள் உறைக்குள் மூடப்பட்டுவிட்டது. கண் காண இயலாது. மூக்கு நுகர இயலாது. புலன்கள் மூன்றுக்கும் பகரமாக நிற்பவை உறைமேல் உள்ள எழுத்துகளே. அவ்வெழுத்து வாங்குபவனுக்கு விளங்காத மொழியில் இருக்குமானால், அவன் கண்ணை ஒருமுறை உறையும், மற்றொருமுறை எழுத்தும் கட்டிவிடுகின்றன என்க.

இனி, அண்மையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கருதுக. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் ஆணையம் ஒரு மடல் விடுத்தது. தயிர் உறைகளில் 'தகி' என்னும் இந்திப் பெயர் முதன்மையாக இருக்கவேண்டும். அந்தந்த நாட்டுப் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கலாம் என்பது அதன் கருத்து. தகி (தயிர்), தகி (மொசரு), தகி (பெருகு) என எடுத்துக்காட்டுகளும் தரப்பட்டன. அதாவது, தமிழன் தயிரும் கன்னடன் மொசரும் தெலுங்கன் பெருகும் அடைப்புக்குறி என்னும் சிறைக்குள் ஒடுங்க, வடவர் சொல் வெளியே அரசு வீற்றிருக்கும்.

தயிர் என்னும் சொல் நேற்றுப் பிறந்ததன்று. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாட்டில், புதுமனை புகுந்த தலைவி தன் கையாலேயே தயிர் பிசைந்து குழம்பு ஆக்கிக் கணவனுக்குப் படைக்கும் காட்சி உள்ளது. அன்று தயிர், இன்றும் தயிர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக உருமாறாமல் உழவன் வீட்டிலும் வேந்தன் வீட்டிலும் ஒப்ப வழங்கிவரும் சொல் அது. அச்சொல்லைத் தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பால் நிறுவனம் தன் உறையிலேயே அடைப்புக்குறிக்குள் இடவேண்டுமாம்! அந்நிறுவனத்தின் பெயரோ ஆவின். ஆ என்பது பசுவின் பழந்தமிழ்ப் பெயர். ஆவின் பாலினின்று பிறக்கும் தயிர்க்கு வடநாட்டுப் பெயர் தேடிய விந்தை இது.

அப்போது நடந்தது யாது? இங்கேதான் கட்சி பற்றிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. முதலமைச்சராக அன்றிருந்த மு.க. இசுடாலின், மார்ச்சு 29ஆம் நாள் இதனை இந்தித் திணிப்பு எனக் கண்டித்தார். ஆவின் உறையில் தயிர் என்றே இருக்கும், இந்திச் சொல் இராது எனப் பால்வளத் துறை அமைச்சராக அன்றிருந்த சா.மு. நாசர் அறிவித்தார். இவர்கள் திராவிட முன்னேற்றக் கழகத்தார், எதிர்த்தது வியப்பன்று. ஆயின், ஒன்றியத்தை ஆளும் பாரதிய சனதா கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவராக அன்றிருந்த அண்ணாமலையும் அவ்வறிவிக்கையைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்துக்கு மடல் எழுதினார். கருநாடகத்தில் மதச்சார்பற்ற சனதா தளத்தின் குமாரசாமி, நந்தினித் தயிர் உறையில் இந்திச் சொல் புகுவதைக் கண்டித்தார். வெவ்வேறு கொடிகளின்கீழ் நின்ற மூன்று கட்சியினர், ஒரு தயிர் உறையின்முன் ஒரே குரலில் பேசினர்.

விளைவு? மார்ச்சு 30ஆம் நாளே ஆணையம் பின்வாங்கியது. ஒரே நாளில் தில்லியின் ஆணை தளர்ந்தது. கட்சி வேறுபாடு கடந்து நின்றால் எத்துணை விரைவில் வெற்றி கிட்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? உணவுறையின் உண்மை கட்சிப் பொருளன்று. கட்சிகளே அதன்முன் ஒன்றாக நின்றன. எனவே, அடுத்த முறை எவரேனும் "நீ எந்தக் கட்சி?" எனக் கேட்டால், "2023 மார்ச்சில் எல்லாக் கட்சியும் எந்தப் பக்கம் நின்றனவோ, அந்தப் பக்கம்" என விடை கூறலாம்.

ஆயினும், பெருமக்களே, அவ்வெற்றியைச் சற்றே உற்றுநோக்குதல் வேண்டும். ஆணையம் திருத்திய பின் உறைமேல் எது நின்றது? ஆங்கிலச் சொல்லாகிய 'கர்ட்' வெளியே. தயிர் மீண்டும் அடைப்புக்குறிக்குள்! கர்ட் (தயிர்), கர்ட் (மொசரு), கர்ட் (பெருகு), கர்ட் (தகி) என்பனவே புதிய எடுத்துக்காட்டுகள். இந்தி அரியணையினின்று இறங்கியது உண்மை. ஆனால் அவ்வரியணையில் ஏறியது தமிழன்று, ஆங்கிலம். சிறைக்காவலன் மாறினான், சிறை மாறவில்லை. இந்தியைத் துரத்திய மகிழ்ச்சியில் பலரும் இதனைக் கவனித்திலர். கட்சிகள் கை தட்டிவிட்டுக் கலைந்தன. தயிரோ அடைப்புக்குறிக்குள்ளேயே இருந்தது.

இது ஒரு சொல்லின் சிக்கல் மட்டுமன்று. சட்டத்தின் அடிப்படையிலேயே உள்ள சிக்கல். உணவுப் பொதிகளுக்குரிய 2020ஆம் ஆண்டு ஒட்டுச்சீட்டு ஒழுங்குமுறைகள், கட்டாயச் செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்கவேண்டும் என்கின்றன. வேறு மொழி கூடுதலாக இருக்கலாம், தடையில்லை என்கின்றன. எடை, அளவு, விலை ஆகியவற்றுக்குரிய 2011ஆம் ஆண்டுப் பொதிப்பொருள் விதிகளும் இதனையே கூறுகின்றன. ஆங்கிலமும் இந்தியும் கட்டளை, தமிழ் சலுகை. இந்திக்காரன் உரிமையால் பெறுவதைத் தமிழன் விற்பவனின் இரக்கத்தால் பெறவேண்டும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6 கோடியே 90 இலக்கம் பேர். தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 80 விழுக்காட்டினர். படிக்கத் தெரிந்த மக்கள் இவர்கள். தமிழ் படிக்கத் தெரிந்த மக்கள். இவர்களுக்குக் கல்லாமை குறையன்று. இவர்கள் கற்ற மொழியில் எழுதாமையே குறை. படித்த தாயைப் படிக்காதவளாக்கும் ஆற்றல் ஓர் ஆங்கில ஒட்டுச்சீட்டுக்கு உண்டு.

இதில் இன்னுமொரு முரண் உள்ளது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளின் 15ஆம் விதி, கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருக்கவேண்டும், பிற மொழி இருப்பின் தமிழே முதன்மையாக இருக்கவேண்டும் என்கிறது. அவ்விதி பல இடங்களில் மீறப்படுகிறது என்பது வேறு செய்தி. விதி என ஒன்றேனும் உள்ளது. ஆனால் பலகையைத் தாண்டிக் கடைக்குள் நுழைந்துவிட்டால், அடுக்கிலுள்ள எந்தப் பொதியிலும் தமிழ் கட்டாயமன்று. வாயிலில் தமிழ் வரவேற்கும். உள்ளே தமிழ் வாய்மூடி நிற்கும். கடையின் பெயர் அறியாமல் வாங்கியவன் எவனும் நோயுற்றதில்லை. பொதிக்குள் உள்ளது அறியாமல் உண்டவன் நோயுறக்கூடும். எது கட்டாயமாக வேண்டுமோ அது கட்டாயமாக இல்லை.

நோய் என்றது வெறும் அச்சுறுத்தலன்று. வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை முதலியன சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். சிலருக்குத் தோலில் தடிப்பு. சிலருக்கு மூச்சுத் திணறல். சிலருக்கு உயிர்க்கே ஊறு. இவற்றைப் பொதியில் குறிப்பிடவேண்டும் என 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே கட்டளையிடுகின்றன. நல்ல கட்டளை. ஆனால் அவ்வெச்சரிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டால் சட்டம் நிறைவுற்றுவிடுகிறது. தாயின் அச்சம் நிறைவுறுவதில்லை. பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது என மருத்துவர் தமிழில் கூறியதை அவள் நினைவில் வைத்திருக்கிறாள். பொதி அவளிடம் ஆங்கிலத்தில் பேசுகிறது. மருத்துவரும் மறைக்கவில்லை, நிறுவனமும் சட்டப்படி மறைக்கவில்லை, ஆயினும் உண்மை அவளை வந்தடையவில்லை. பொய்யான ஒட்டுச்சீட்டுக்கு 2006ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 3 இலக்கம் உரூபா வரை தண்டம் விதிக்கிறது. விளங்காத ஒட்டுச்சீட்டுக்கோ ஒரு காசும் தண்டமில்லை. உண்பவனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் எத்துணை வேறுபாடு?

சிறு பொதிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பரப்பு 100 சதுரச் செண்டிமீட்டருக்கு மேற்படாத பொதிகளில் உட்பொருட் பட்டியலும் ஊட்ட விளக்கமும் இடவேண்டியதில்லை. அவற்றை உள்ளடக்கிய பெரிய பெட்டியில் இட்டால் போதும் என்பது விதி. பள்ளி வாயிற் கடையில் ஓர் இனிப்பை வாங்கித் தின்னும் சிறுவன் அப்பெட்டியை ஒருநாளும் காணப் போவதில்லை. எவனுக்கு அறிவிப்பு மிகுதியும் வேண்டுமோ, அவன் கைக்கு வருவது எழுத்தில்லாத பொதி.

இனி, எழுத்து இருந்தும் உண்மை மறையும் வகையொன்று உண்டு. அது எண்ணெழுத்து. 631 என்னும் எண்ணைப் பல நொறுக்குத் தீனிப் பொதிகளிற் காணலாம். அது சுவையைக் கூட்டும் ஒரு சேர்பொருள். இறைச்சியினின்றோ மீனினின்றோ அது எடுக்கப்படலாம். மரவள்ளி மாவினின்றும் ஆக்கப்படலாம். எண் மட்டும் அதனைச் சொல்லாது. ஆ காப்பை நோக்கமாகக் கொண்ட ஓர் அமைப்பு இதுபற்றித் தில்லி உயர் முறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சேர்பொருள்களின் குறியெண்ணை மட்டும் இட்டால் போதாது, அவை செடியினின்று வந்தனவா விலங்கினின்று வந்தனவா என்பதையும் வெளிப்படுத்தல் வேண்டும் என 2021 திசம்பரில் அம்மன்றம் ஆணையிட்டது. வழக்குத் தொடுத்தோரின் சமய நோக்கம் தமிழியக்கத்தார்க்கு உடன்பாடன்று. ஆயினும், அவ்வாணையால் கிடைக்கும் பயன் அவர்களுக்கு மட்டும் உரியதோ? மீன் ஒவ்வாத பிள்ளையின் தாய்க்கும் உரியது. இறைச்சியை விரும்பி உண்பவனுக்கும் உரியது. உண்மை வெளிப்பட்டால், கேட்டவனுக்கு மட்டுமன்றிக் கேளாதவனுக்கும் அது பயன்படும். அதனாலேயே அது கட்சிப் பொருளாவதில்லை.

ஒட்டுச்சீட்டே இல்லாத உணவின் கதையையும் நினைவிற் கொள்க. 2024ஆம் ஆண்டு பிப்பிரவரியில் பஞ்சுமிட்டாய் என மக்கள் வழங்கும் இனிப்பில் உரோடமின்-பி என்னும் சாயப்பொருள் இருப்பது கண்டறியப்பட்டது. துணிக்கும் தாளுக்கும் நிறமேற்றும் அச்சாயத்தைக் குழந்தைகள் கடற்கரையில் நக்கிச் சுவைத்துக் கொண்டிருந்தனர். முதலில் புதுச்சேரி தடை செய்தது. அடுத்துத் தமிழ்நாடு தடை செய்தது. புதுச்சேரியை ஆண்டது பாரதிய சனதா இடம்பெற்ற கூட்டணி. தமிழ்நாட்டை ஆண்டது திராவிட முன்னேற்றக் கழகம். கொடிகள் வேறு, குழந்தைகளின் வயிறு ஒன்று. நஞ்சு வாக்காளர் பட்டியலைப் பார்த்து இறங்குவதில்லை.

அப்படியாயின், ஒட்டுச்சீட்டில் அரசியல் அறவே இல்லையோ எனின், உண்டு. அது எங்கே நுழைகிறது என்பதைப் பகுத்துணர்தல் வேண்டும். உணவைப் பற்றிப் பேசவேண்டிய எழுத்து ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது அது நுழைகிறது.

தமிழ்நாடு இதனை முன்பே கண்டது. உணவகப் பலகைகளில் 'பிராமணாள்' என எழுதியிருந்த காலம் ஒன்று இருந்தது. அவ்வெழுத்து, சோற்றில் என்ன இருக்கிறது எனக் கூறியதா? இல்லை. சமைத்தவன் எந்தச் சாதி எனக் கூறியது. பிறரெல்லாம் தாழ்ந்தோர் எனக் கூறாமற் கூறியது. 1957ஆம் ஆண்டில் தந்தை பெரியார் அச்சொல்லை நீக்கக் கோரி, திருவல்லிக்கேணி முரளி உணவகத்தின்முன் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தோழர்கள் சிறை புகுந்தனர். இறுதியில் அச்சொல் பலகையினின்று இறங்கியது.

அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, வடக்கே அதே நோய் வேறு வடிவில் தலைதூக்கியது. 2024 சூலையில், காவடி வழிப்பயணத் தடத்திலுள்ள உணவகங்கள் உரிமையாளரின் பெயரைப் பலகையில் எழுதவேண்டும் என உத்தரப்பிரதேசக் காவல்துறை கட்டளையிட்டது. பெயரைக் கொண்டு சமயத்தை அறிவதே அதன் விளைவு. ஒளிவுமறைவின்மை என்னும் நல்ல சொல்லே அதற்குப் போர்வையாயிற்று. சூலை 22ஆம் நாள் உச்ச முறைமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எவ்வகை உணவு வழங்கப்படுகிறது என்பதைக் காட்டுமாறு கேட்கலாம். உரிமையாளர், பணியாளர் பெயரைக் காட்டுமாறு வற்புறுத்தலாகாது என்பது அம்மன்றத்தின் முடிவு. எத்துணைத் தெளிவான கோடு அது! உணவின் பிறப்பை எழுதுக. சமைத்தவன் பிறப்பை எழுதற்க. முன்னது உண்பவன் உரிமை. பின்னது ஆள்பவன் சூழ்ச்சி.

இக்கோட்டை வைத்து அளந்தால் எல்லாம் விளங்கும். உட்பொருள் யாது, எங்கு விளைந்தது, என்று கெடும், எவர்க்கு ஆகாது என்பன உணவைப் பற்றியவை. அவற்றைக் கேட்பதில் கட்சியில்லை. உண்பவன் மொழியை ஒதுக்கி ஆள்பவன் மொழியைப் புகுத்துவதும், உண்பொருளை விட்டுச் சமைத்தவன் குலத்தைக் காட்டுவதுமே அரசியல். கேட்பவன் அரசியலைக் கொண்டுவரவில்லை. மறைத்தவனும் திணித்தவனும் கொண்டுவந்த அரசியலைக் கேட்பவன் வெளியேற்ற முயல்கிறான்.

இனி, மறுப்பாகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்வோர் ஆராயட்டும். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன; ஒரு பொதியில் அத்தனையும் எழுதுவது யாங்ஙனம் என்பர். எவரும் அத்தனையும் கேட்கவில்லை. எங்கு விற்கப்படுகிறதோ அங்குள்ள மக்கள் மொழியில் எழுதுக என்பதே வேண்டுகை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 ஆட்சிமொழிகள் உள்ளன. அங்கு 2011ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உணவுச் செய்திச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொருள் விற்கப்படும் நாட்டு மக்களுக்கு எளிதில் விளங்கும் மொழியில் கட்டாயச் செய்திகள் இருக்கவேண்டும் என்கிறது. எசுத்தோனியா என்னும் நாட்டின் மக்கள் ஏறத்தாழ 13 இலக்கம் பேரே. அவர்கள் மொழியில் ஒட்டுச்சீட்டு உண்டு. ஏறத்தாழ ஏழு கோடித் தமிழர்க்கு இடமில்லையாம்!

நிறுவனங்களுக்குச் செலவு மிகும் என்பர். இங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கு உணவுப் பொருள் ஏற்றுமதி செய்வோர், அந்நாட்டுச் சட்டப்படி அரபு மொழியில் ஒட்டுச்சீட்டு அச்சிட்டே அனுப்புகின்றனர். கடல் கடந்த அங்காடிக்கு அரபு அச்சிட இயலும். தென்பெருஞ்சாலைக் கடைக்குத் தமிழ் அச்சிட இயலாதோ? இடம் போதாது என்போர், பொதியின் முகப்பை அடைத்துக்கொண்டு நிற்கும் நடிகர் படத்தைச் சற்றே சுருக்கினால் இடம் தானே கிடைக்கும்.

தமிழில் சொற்கள் இல்லை என்பது மற்றொரு மறுப்பு. இங்கேதான் தனித்தமிழின் மெய்யான பயன் வெளிப்படுகிறது. சில நிறுவனங்கள் 'பிரிசர்வேட்டிவ்', 'எமல்சிபையர்' எனத் தமிழெழுத்தில் எழுதிவிட்டுத் தமிழுக்குத் தொண்டு செய்ததாகக் கருதக்கூடும். எழுத்து தமிழ்; சொல் இருட்டு. கெடாமற் காக்கும் பொருள், நிறமி, சுவையூட்டி, எண்ணெயும் நீரும் பிரியாமற் காப்பது என எழுதினால் அத்தாய்க்கு உடனே விளங்கும். அயற்சொல் பொருளை மூடும். தாய்ச்சொல் பொருளைத் திறக்கும். தூய தமிழ் என்பது புலவர்க்குரிய அணிகலன் அன்று, அதுவே ஒளிவுமறைவின்மை. தமிழ்ப் புலவோரும் இதனை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். அகரமுதலியைப் புரட்டினாலன்றி விளங்காத கலைச்சொல்லை ஆக்கிப் பொதியில் ஏற்றினால், ஆங்கிலம் செய்த கேட்டையே தமிழ் கொண்டு செய்ததாகும். கடைத்தெருவில் விளங்காத தூய்மை தூய்மையன்று.

வடக்கினின்று பிழைப்புத் தேடி வந்து இப்பகுதித் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் எளிய மக்கள்மீது இவ்வேண்டுகையில் ஒரு துளியும் பகையில்லை. பீகாரின் தாய் தன் மொழியில் தன் உணவை அறியவேண்டும். வங்கத்தின் தாய் வங்கத்தில் அறியவேண்டும். தமிழன் தனக்குக் கேட்பதைப் பிறர்க்கு மறுப்பானாயின் அவன் கேட்பது உரிமையாகாது.

செய்ய வேண்டுவன யாவை? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டம், பொருளின் தன்மை, அளவு, தூய்மை, தரம், விலை ஆகியவற்றை அறியும் உரிமையை வாங்குவோர்க்கு வழங்கியுள்ளது. எம்மொழியில் என்பதையும் அவ்வுரிமையோடு சேர்த்தல் வேண்டும். ஒட்டுச்சீட்டு ஒழுங்குமுறைகளை ஆக்கும் ஆற்றலை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு உணவு ஆணையத்துக்கு அளித்துள்ளது. விற்கப்படும் மாநிலத்தின் ஆட்சிமொழி கட்டாயம் என ஒரு வரியை அவ்வொழுங்குமுறைகளிற் சேர்த்தால் போதும். அவ்வொரு வரியைத் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் அனைவரும், எக்கட்சியினராயினும், ஒருசேரக் கேட்டல் வேண்டும். 2023இல் ஒரு சொல்லுக்காக ஒன்று சேர்ந்தவர்கள், முழு ஒட்டுச்சீட்டுக்காக ஒன்று சேர்வது அரிதன்று.

தில்லி திருந்தும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதுமில்லை. கூடுதல் மொழிக்குத் தடையில்லை எனச் சட்டமே கூறுகிறது. ஆவினும் ஏனைய கூட்டுறவு நிறுவனங்களும் பெயரை மட்டுமன்று, உட்பொருள், ஊட்டம், ஒவ்வாமை, கெடுநாள் அனைத்தையும் தமிழில் தெளிவாக அச்சிட்டு வழிகாட்டட்டும். ஊறுகாயும் பொடியும் முறுக்கும் ஆக்கி விற்கும் மகளிர் குழுக்கள், தாம் பேசும் தமிழிலேயே உறையில் எழுதட்டும். வாங்குவோர் கடைக்காரரிடம், "தமிழில் எழுதியது இருக்கிறதா?" என நாள்தோறும் கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் முகவரிடம் கூறுவார். நூறு கடைக்காரர் கூறினால் நிறுவனம் செவி சாய்க்கும். வணிகன் கொடியை எண்ணுவதில்லை, விற்பனையை எண்ணுகிறான்.

பெருமக்களே! தயிருக்குக் கட்சியில்லை. உப்புக்குக் கட்சியில்லை. பிள்ளையின் மூச்சுக்குக் கட்சியில்லை. ஆனால் தயிர் என்னும் சொல்லுக்கு ஓர் இனம் உண்டு. அவ்வினத்துக்கு ஒரு வயிறு உண்டு. அவ்வயிற்றினுள் செல்வது யாதென அறியும் உரிமை உண்டு. அடைப்புக்குறியை உடைத்துத் தயிரை வெளிக்கொணர்க! உண்பது யாதெனத் தமிழன் தமிழில் அறிக!

வெல்க தமிழ்!